சினைக்கால வெப்பம்: பல்லி, பாம்பு இனங்களின் இனப்பெருக்கத்தில் உடல்சூட்டின் பங்கு

அமெரிக்காவின் அரிசோனா மலைப்பாறைகளில் வாழும் முள்பல்லி இனம் ஒன்று குட்டி போடும். அங்கே வெயில் காயும் ஆணின் உடல்சூட்டை அளந்தால் 34 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும். பக்கத்திலேயே கிடக்கும் சினைப்பெண்ணின் சூடு 32 டிகிரியை ஒட்டி நிற்கும். குட்டி போட்டு முடித்ததும் அந்தப் பெண்ணும் ஆணுக்கு நிகராகச் சூடேற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும். வயிற்றுப் பாரத்தால் ஓடியாட முடியாமல் நிழலில் ஒதுங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1980-களில் ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனைகள் வேறு காரணத்தைக் காட்டின. சினைப்பெண்களை அதிகச் சூட்டில் தொடர்ந்து வைத்திருந்தபோது வயிற்றிலிருந்த கருக்கள் பிழைப்பது வெகுவாகக் குறைந்தது. தாய்க்கு ஒத்துப்போகும் சூடு கருவுக்கு ஒத்துப்போகவில்லை.

பல்லி, பாம்பு இனங்களின் இனப்பெருக்கம் பற்றிக் கடந்த எண்பது ஆண்டுகளில் குவிந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், இந்த இரண்டு டிகிரிச் சிக்கலே வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். வளர்ந்த விலங்கு பரந்த வெப்ப எல்லைக்குள் பிழைத்துக்கொள்ளும். விந்தணுவும் கருவும் குறுகிய எல்லைக்குள்தான் உருவாகும். அடைகாத்தல், குட்டி போடுதல், கூடு தேர்தல் எல்லாமே இந்த இடைவெளியைக் கடக்கத் தாய் கண்ட வழிகள். புவி வெப்பமடையும்போது இந்த இனங்கள் முதலில் அடிபடப்போவதும் இங்கேதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெயிலை அளந்து வாழும் உடல்

ஊர்வன சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்றபடி தாமே சூடாகி, தாமே குளிர்ந்து கிடக்கின்றன என்ற எண்ணத்தை உடைத்தது 1944-இல் வெளியான ஒரு நீண்ட ஆய்வு. ரேமண்ட் கோல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இரு அமெரிக்கர்கள் பாலைவனப் பல்லிகளையும் பாம்புகளையும் பிடித்துச் சூட்டை அளந்தார்கள். ஒவ்வோர் இனமும் நடமாடும் வேளையில் தனக்கென்று ஒரு சூட்டை வைத்திருந்தது. வெயிலுக்கு வருவது, நிழலுக்கு நகர்வது, உடலைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் திரும்புவது, மணலுக்குள் புதைவது என்று நடத்தையாலேயே அதைக் கட்டிக்காத்தது. பாலைவன இகுவானா 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுறுசுறுப்பாக ஓடித் திரியும். காய்ச்சல் கண்ட மனிதனின் சூடு அது.

உடலுக்குள் வெப்பத்தைத் தயாரிக்கும் செலவு இல்லாததால் இவை குறைந்த உணவில் நெடுநாள் வாழ முடிகிறது. அதே காரணத்தால், வெயிலும் நிழலும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வேறு போக்கிடமும் இல்லை. வளர்ந்த விலங்கு மேகமூட்டமான நாளில் பொந்துக்குள் முடங்கி இருந்துவிடலாம். மண்ணுக்குள் கிடக்கும் முட்டையால் இடம் மாற முடியாது.

ஆணின் பக்கம்

கோல்ஸ் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார். பாலூட்டிகள் பலவற்றில் விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது விந்தணுவுக்குக் குளிர்ச்சி தேவை என்பதால். பல்லிக்கு விரைகள் வயிற்றுக்குள் இருக்கின்றன. அப்படியானால் கடும் கோடையில் என்ன ஆகும்? காய்ந்து விழுந்த யுக்கா மரங்களுக்கு அடியில் குளிர்ச்சியான இருட்டில் வாழும் இரவுப்பல்லி ஒன்றை அவர் சோதனைக்கு எடுத்தார். அதன் உயிருக்கு ஆபத்தில்லாத சூடுகூட, நாள்கணக்கில் நீடித்தபோது விந்தணு உண்டாக்கும் திசுவைச் சிதைத்தது. 1945-இல் இதை வெளியிட்ட கோல்ஸ், டைனோசர்கள் அழிந்ததற்கே ஆண்கள் வெப்பத்தால் மலடானது காரணமாக இருக்கலாம் என்ற அளவுக்குப் போனார். அந்த ஊகம் நிலைக்கவில்லை. சோதனையின் சாரம் நிலைத்தது. 1960-களில் பால் லிக்ட் பல இனங்களை ஒப்பிட்டபோது, அதிகச் சூட்டை விரும்பும் இனங்களின் விரைகள் அதிகச் சூட்டைத் தாங்குவதும், குளிர்ச்சியை விரும்புபவற்றின் விரைகள் எளிதில் கெடுவதும் தெரிந்தது. ஒவ்வோர் இனமும் எந்தச் சூட்டைத் தேடுகிறதோ, அதற்கேற்பவே அதன் விந்து உற்பத்தியும் அமைந்திருக்கிறது.

காலம் குளிராக இருக்கும் நாடுகளில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் அருகே சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள் செம்பக்கக் கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியேறிக் குழி வாசலில் காத்திருக்கும். ஒரு பெண் தலைகாட்டியதும் பத்து, இருபது ஆண்கள் அதன்மேல் புரண்டு ஒரே உருண்டையாகிவிடும். அந்த நேரத்தில் ஆண்களின் விரைகள் சுருங்கிக் கிடக்கும். ஆண்மைக்குரிய ஹார்மோனும் இரத்தத்தில் குறைவு. முந்தைய கோடையில் உண்டாக்கிச் சேமித்து வைத்த விந்தணுவைத்தான் அவை பயன்படுத்துகின்றன. புணர்ச்சி வேட்கையைத் தூண்டுவது ஹார்மோன் அன்று. நீண்ட குளிருக்குப் பின் உடல் சூடாவதே தூண்டுகிறது என்று டேவிட் குரூஸ் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டின. அங்கே கோடை குறுகியது. விந்து உண்டாக்கும் வேலையையும் புணரும் வேலையையும் ஒரே பருவத்தில் செய்ய நேரம் போதாது.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. அப்போதுதான் குழியிலிருந்து வெளியே வந்த சில ஆண்கள் பெண்ணின் வாசனையை வெளியிடும். மற்ற ஆண்கள் ஏமாந்து அவற்றின்மேல் வந்து படியும். இதனால் என்ன பயன் என்று ரிச்சர்ட் ஷைன் குழுவினர் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். குளிரில் விறைத்து, நகரவே தடுமாறும் புதுவரவுக்கு, முன்பே வெயில் காய்ந்த ஆண்களின் உடல்சூடு இலவசமாகக் கிடைக்கிறது. காக்கைகளின் கொத்தலிலிருந்தும் தப்பிக்கிறது. உடல் சூடேறி ஓடியாடத் தொடங்கிய பின் ஓரிரு நாளில் அந்த வாசனை போய்விடுகிறது.

அடைகாக்கும் பாம்பு

பாம்பு தன் முட்டைகளைச் சூடாக்குகிறது என்று 1830-களில் இந்தியாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்-பிகோ சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. சில ஆண்டுகளில், 1841-இல், பாரிஸ் தாவரவியல் தோட்டத்து விலங்குக் கூடத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியென் வெப்பமானியை அதன் சுருளுக்குள் வைத்து அளந்தார். சுற்றியிருந்த காற்றைவிட அங்கே சூடு கூடுதலாக இருந்தது.

எப்படிச் சூடாக்குகிறது என்பது தெளிவாக மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1966-இல் ஹட்சிசன், டவ்லிங், வினிகர் ஆகிய மூவர் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பர்மா மலைப்பாம்பைக் கவனித்தார்கள். முட்டைகளைக் குவியலாகச் சேர்த்து, உடலால் சுற்றி மூடி, உச்சியில் தலையை வைத்துக்கொண்டு அது கிடந்தது. கூண்டின் வெப்பம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், விக்கல் எடுப்பதுபோல அதன் உடல் முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. குளிர் கூடக்கூட இழுப்பும் அடிக்கடி வந்தது. அந்தத் தசை வேலையில் பிறந்த சூட்டால் பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடு கூடுதலாக இருந்தது. மூச்சில் எடுத்த ஆக்சிஜனும் அடைகாக்காத நாள்களைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் இரையெடுக்காமல், உடலில் இருந்த கொழுப்பை எரித்தே தாய் இதைச் செய்கிறது.

எல்லா மலைப்பாம்புகளும் இப்படிச் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் சிறிய சில்ட்ரன் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும், சூடு உண்டாக்காது. முட்டைகள் நீரிழந்து வற்றாமல் காப்பதுதான் அந்தச் சுருளின் பெரும்பயன் என்று பின்னர் தெரிந்தது. முதலில் ஈரத்துக்காக ஏற்பட்ட பழக்கம், குளிர்ப்பகுதிகளுக்குப் பரவிய இனங்களில் சூட்டுக்காகவும் பயன்பட்டிருக்கலாம்.

பல்லிகளிலும் இதற்கு ஓர் இணை கிடைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் தெகு என்ற பெரிய பல்லி, இனப்பெருக்க மாதங்களில் மட்டும் விடியற்காலையிலும் வளைக்குள் சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரி வரை சூடாக இருப்பதை கிளென் டாட்டர்சல் குழுவினர் 2016-இல் வெளியிட்டார்கள். பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தம் பெற்றதே குஞ்சு வளர்ப்பின் தேவையால்தான் என்று காலீன் ஃபார்மர் 2000-இல் முன்வைத்த கருத்துக்கு, மலைப்பாம்பும் தெகுவும் உயிருள்ள சான்றுகளாகப் பேசப்படுகின்றன.

முட்டையா, குட்டியா

முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்து வளர்த்துக் குட்டியாக ஈனும் முறை, பல்லி, பாம்பு இனங்களில் நூறு முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. முதுகெலும்பிகளில் வேறெந்தக் கூட்டத்திலும் இவ்வளவு முறை இது நிகழவில்லை. ஏன் என்ற கேள்விக்கு முதலில் வந்த விடை குளிர். 1930-களில் ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ், மலைகளில் வாழும் அரணைகளில் குட்டி போடுபவை அதிகம் என்று கவனித்தார். மனப்பதற்றத்துக்கு ஆறுதல் சொல்லும் நூல்களால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவரும் இதே வீக்ஸ்தான். ஜெர்மனியின் மெல், ரஷ்யாவின் செர்கேயெவ் ஆகியோரும் அதே காலத்தை ஒட்டி இதே முடிவுக்கு வந்தார்கள். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரியாது. வெயில் தேடி நகரும் தாயின் வயிற்றில் பொரியும்.

இதற்குச் சான்றுகள் வலுவானவை. ஐரோப்பாவின் குட்டிபோடும் பல்லி ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. அதே இனத்தின் பிரனீஸ் மலைப்பகுதிக் கூட்டங்கள் இன்றும் முட்டைதான் இடுகின்றன. திபெத் பீடபூமியின் உயரங்களில் தவளைத்தலை ஓணான்கள் குட்டி போடுகின்றன. தாழ்ந்த பாலைவனங்களில் வாழும் அவற்றின் உறவினங்கள் முட்டையிடுகின்றன. இலங்கையின் ஓணான் வகைகள் பெரும்பாலும் முட்டையிடுபவை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த உயரங்களில் வாழும் குட்டை ஓணானோ குட்டி போடுகிறது.

ஆனால் விடை இதோடு முடியவில்லை. நீலகிரியின் உயரங்களில் வாழும் நீலகிரி ஓணான் அவ்வளவு குளிரிலும் முட்டையே இடுகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெக்கையில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளி, பச்சைப் பாம்பு எல்லாம் குட்டி போடுகின்றன. அதே வயல்வரப்பில் நல்ல பாம்பும் கட்டு விரியனும் சாரையும் முட்டையிடுகின்றன. குளிர் மட்டுமே காரணம் என்றால் குட்டி போடும் இந்த விரியன்கள் கணக்கில் வராது. விரியன் குடும்பத்தின் மூதாதை குளிர்ப்பகுதியில் பெற்ற பழக்கத்தை அவை விடாமல் வைத்திருக்கின்றன என்று சொல்லலாம். ஷைன் 1995-இல் இன்னும் விரிந்த விளக்கம் ஒன்றைத் தந்தார். கருவுக்குத் தேவை கூடுதல் சூடு அன்று, ஏற்ற சூடு. மண்ணில் பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பத்தைவிடத் தாயின் வயிற்றில் சூடு சீராக இருக்கும். வெப்பநாட்டில்கூட இது ஆதாயம்தான்.

இதை அவரும் ஜோனதன் வெப், கீத் கிறிஸ்டியன் ஆகியோரும் வட ஆஸ்திரேலிய வெப்பமண்டலத்தின் மரண விரியனில் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். பெயரில் விரியன் என்றாலும் அது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, குட்டி போடுவது. ஆய்வுக்கூடத்தில் வேண்டிய சூட்டைத் தாமே தேர்ந்துகொள்ள விட்டபோது, சினைப்பெண்களின் உடல்சூடு மற்றப் பெண்களைவிடக் குறைவாகவே ஏறி இறங்கியது. அப்படிச் சூடு சீராக வைக்கப்பட்ட தாய்களுக்குப் பெரிய குட்டிகள் பிறந்தன. அரிசோனா முள்பல்லி சூட்டைக் குறைத்துக்கொள்வதும் குளிர்நாட்டுப் பெண் பாம்பு நாள் முழுக்க வெயில் காய்வதும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள் என்பது இப்படித் தெளிவாகிறது.

ஆதாயத்துக்கு விலையும் உண்டு. குட்டி சுமக்கும் தாய் மாதக்கணக்கில் மெதுவாக நகர்கிறது; பல பாம்புகள் அப்போது இரையெடுப்பதையே நிறுத்திவிடுகின்றன. ஐரோப்பிய விரியன் வடக்கில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும்.

ஆணா, பெண்ணா

1966-இல் செனகலின் தக்கார் நகரில் மதலேன் சார்னியே வெளியிட்ட சிறு குறிப்பு, அகாமா ஓணான் முட்டைகளைக் குறைந்த வெப்பத்தில் வைத்தால் பெண்களும் கூடிய வெப்பத்தில் வைத்தால் ஆண்களும் பொரிவதாகச் சொன்னது. பால் நிர்ணயம் குரோமோசோமின் வேலை என்று எல்லோரும் நம்பிய காலம் அது; குறிப்பு கவனிக்கப்படவில்லை. பின்னர் ஆமைகளிலும் முதலைகளிலும் இதே செய்தி உறுதியானது.

பல்லிகளில் இது ஒரே மாதிரி இயங்குவதில்லை. சிறுத்தைப் பல்லியின் முட்டைகள் 26 டிகிரியில் பெண்களையும், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களையும், 34 டிகிரியில் மறுபடி பெண்களையும் தருகின்றன. நம் வேலிகளில் திரியும் சாதாரண ஓணானைத் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், வெப்பம் ஏற ஏறப் பெண், ஆண், பெண், ஆண் என்று நான்கு கட்டமாக மாறுவதை 2012-இல் தெரிவித்தார்கள். இதுவரை பாம்புகளில் இது காணப்படவில்லை. அவற்றின் பால் குரோமோசோமில் முடிந்துவிடுகிறது.

குரோமோசோம் உள்ள இடத்தில்கூட வெப்பம் குறுக்கிடலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் சான்று. கான்பெரா ஆய்வாளர்கள் 2007-இல் காட்டியபடி, 32 டிகிரிக்கு மேல் அடைவைத்தால் ஆண் குரோமோசோம் கொண்ட கருக்கள் பெண்ணாகப் பிறக்கத் தொடங்கும். 2015-இல் கிளேர் ஹாலலி குழுவினர் இத்தகைய பெண்களைக் காட்டிலேயே கண்டார்கள். அவை சாதாரணப் பெண்களைவிட அதிக முட்டையிட்டன. சாதாரண ஆணுடன் இணைந்தபோது பிறந்த குஞ்சுகளில் பெண் குரோமோசோம் ஒன்றிலும் இல்லை. அவை ஆணா பெண்ணா என்பதை வெப்பமே முடிவுசெய்தது. ஒரே தலைமுறையில் மரபணு முறை போய் வெப்ப முறை வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டால் என்ன பயன் என்பதற்கு 1977-இல் சார்னோவ், புல் இருவரும் ஒரு விடை தந்தார்கள். எந்த வெப்பத்தில் பிறந்தால் ஆணுக்கு வாழ்நாள் ஆதாயம் அதிகமோ அதில் ஆணும், மற்றதில் பெண்ணும் பிறப்பது நல்லது. டேனியல் வார்னரும் ஷைனும் ஜாக்கி ஓணானில் ஹார்மோன் உற்பத்தியைத் தடுத்து, வழக்கமாகப் பெண் பிறக்கும் வெப்பங்களிலும் ஆண்களைப் பிறக்கவைத்தார்கள். வழக்கமாக ஆண் பிறக்கும் நடுத்தர வெப்பத்தில் பொரிந்த ஆண்களே பிற்காலத்தில் அதிகச் சந்ததி கண்டன. 2008-இல் வெளியான இந்த முடிவு, முப்பதாண்டுக் கருத்துக்குக் கிடைத்த நேரடிச் சான்று.

வெப்பமேறும் உலகில்

தாய் கூட்டை மாற்றிச் சமாளிக்கலாம் அல்லவா? ஆஸ்திரேலியாவின் மர உடும்பு கரையான் புற்றைப் பிளந்து முட்டையிடும். கரையான்கள் ஓட்டையை அடைத்துவிட, உள்ளே சூடு சீராக நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் சருகுகளைச் சேர்த்துக் கூடு கட்டி முட்டைகளை மூடிக் காக்கிறது. இடம் தேர்வதில் இவ்வளவு திறமை இருக்கும்போது, இன்னும் ஆழமாகத் தோண்டுவது பெரிய காரியமா?

ஆஸ்திரேலியாவின் பிரிண்டபெல்லா மலைத்தொடரில் மூவரி அரணையைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் 2009-இல் விடை சொன்னார்கள். அரணைகள் முன்பைவிட ஆழமாகவும், பருவத்தில் முன்கூட்டியும் முட்டையிடத் தொடங்கியிருந்தன. அப்படியும் கூட்டின் வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஓரளவு ஈடுகட்ட முடிந்தது, முழுதாக முடியவில்லை.

பெரிய எச்சரிக்கை 2010-இல் பேரி சினெர்வோ குழுவினரிடமிருந்து வந்தது. மெக்சிகோவில் முன்பு முள்பல்லிகள் பதிவான 200 இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1975-க்குப் பின் 12 சதவீத இடங்களில் அவை மறைந்துவிட்டிருந்தன. காடு அழியாத இடங்களிலும் இப்படி நடந்திருந்தது. பல்லி அளவிலான போலிகளில் வெப்பமானி பொருத்தி அளந்தபோது ஒரு தொடர்பு தெரிந்தது. பெண்களுக்கு இரை மிகத் தேவைப்படும் வசந்த காலத்தில், வெயில் தாங்காமல் ஒளிந்திருக்க வேண்டிய நேரம் நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணியைத் தாண்டிய இடங்களில் கூட்டம் அழிந்திருந்தது. பல்லி வெந்து சாகவில்லை. முட்டைக்கும் குட்டிக்கும் வேண்டிய உணவைத் தேட நேரம் இல்லாமல் போனது. குட்டி போடும் இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்றும் அவர்கள் கணித்தார்கள்.

இதை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. நடமாட்ட நேரம் குறைவதாலேயே கூட்டம் அழிந்துவிடாது, ஒளிந்திருக்கும் பல்லிக்குச் செலவும் ஆபத்தும் குறையும் என்று மைக்கேல் கியர்னி வாதிட்டார். காரணம் எது என்பதில்தான் இந்தக் கருத்துவேறுபாடு. வெப்பம் ஆபத்து என்பதில் இரு தரப்பும் ஒன்று. ஓஃபிர் லெவி குழுவினரின் 2015 ஆய்வு வேறொரு பக்கத்தைத் திறந்தது. அதுவரை பெரும்பாலான கணிப்புகள் வளர்ந்த பல்லியை மட்டுமே கணக்கில் எடுத்தன. மண்ணுக்குள் கிடக்கும் கருவின் தாங்குதிறனையும் சேர்த்ததும், பல்லிக்கு ஏற்றவை என்று கருதப்பட்ட பல இடங்கள் பட்டியலிலிருந்து விழுந்தன.

குட்டி போடும் முறையே இப்போது சுமையாகக்கூடும். ஆண்டீஸ், பட்டகோனியப் பல்லிகளை ஆராய்ந்த டேனியல் பின்செய்ரா-தொனோசோ குழுவினர், அந்த முறை குளிர்ந்த உயரங்களுக்கு வழி திறந்துவிட்டு அங்கேயே அவற்றை அடைத்தும் வைத்திருப்பதாக 2013-இல் வாதிட்டார்கள். கீழே வெப்பம் ஏறினால் மேலே போகலாம். உச்சிக்கு மேல் மலை இல்லை. இலங்கை உயர்நாட்டின் குட்டை ஓணானுக்கும் இதே நிலைதான்.

சமவெளியிலும் நிலைமை எளிதன்று. வெப்பமண்டல உயிர்கள் ஏற்கெனவே தங்கள் தாங்குதிறனின் மேல்விளிம்பை ஒட்டி வாழ்கின்றன. குளிர்நாட்டு இனங்களுக்கு நன்மையாகக்கூடிய ஓரிரு டிகிரி, இங்கே தீமையாகும் என்று டியூக்ஸ்பரி, ஹியூயி, டாய்ச் 2008-இல் எழுதினார்கள். காட்டு நிழலில் வாழும் பல்லிகளுக்கு இது இன்னும் பொருந்தும். நிழலிலேயே சூடேறிவிட்டால் அவை ஒதுங்க வேறு நிழல் கிடையாது.

முடிவாக

இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று செய்திகள் உறுதியாகின்றன. முதலாவது, ஓர் இனம் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்று கேட்பது போதாது. எந்த வயதில், எந்தப் பருவத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். விந்தணு, கரு, சினைத்தாய் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. இரண்டாவது, தாய் கண்ட வழிகள் எல்லாம் வெயிலும் நிழலும் மாறி மாறிக் கிடைக்கும் நிலத்தை நம்பியவை. மரம் வெட்டப்பட்ட மேடும், ஒரே பயிரால் மூடிய சரிவும், காங்கிரீட் போட்ட முற்றமும் அந்தத் தேர்வை முதலிலேயே பறித்துவிடுகின்றன. மூன்றாவது, நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தார்வாட் ஓணான் ஆய்வு போன்றவை தெற்காசியாவில் இன்னும் சிலவே.

காட்டில் பாம்பையும் ஓணானையும் எண்ணிவிட்டு எண்ணிக்கை குறையவில்லை என்று ஆறுதல் கொள்ளும் கணக்கெடுப்பு இதனால்தான் ஏமாற்றும். வளர்ந்தவை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். இனப்பெருக்கம் நின்றுபோனது அந்தக் கணக்கில் தாமதமாகவே தெரியும். முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பம், பொரிந்த முட்டைகளின் விகிதம், குஞ்சுகளில் ஆண் பெண் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் பதிவுசெய்யலாம். விலை குறைந்த வெப்பமானிகளும் பொறுமையான களப்பணியாளர்களும் இருந்தால் போதும். பாதுகாப்புத் திட்டங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.